தந்திக்குத் தண்ணீர் ஊற்றியவள்

ஜெயமங்கலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து மேல்மங்கலத்து மருந்துக்கடை வரைக்கும் ஒரு தந்திக் கம்பி ஓடியது. சர்க்கார் போட்ட கம்பி இல்லை. என் சித்தப்பா போட்டது.

பெரியாற்று அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே வேண்டாமென்று கழித்துப்போட்ட இரும்புக் கம்பியை, மலைக்குச் சாமான் ஏற்றிப் போகிற வண்டிக்காரர்கள் திரும்பி வரும்போது சுருள் சுருளாகக் கொண்டுவந்து சித்தப்பாவிடம் கொடுப்பார்கள். அவர் அதை முறுக்கி முடிச்சுப் போட்டு, வாய்க்காலோரத்துத் தென்னைகளிலும் புளிய மரங்களிலும் கட்டிக்கொண்டே போய்விட்டார். கம்பி மரத்தில் படக்கூடாதாம். அதற்காக, மலைமேல் காப்பித் தோட்டத்துத் துரைமார் குடித்துவிட்டு எறிந்த புட்டிகளின் கழுத்தை உடைத்து மரத்துக்கு மரம் மாட்டியிருந்தார். வெயில் படும்போது எங்கள் வயல்வெளி முழுக்கப் பச்சைப் பச்சையாக மின்னும்.

சித்தப்பா அம்மையநாயக்கனூர் ரயிலடியில் தந்தி அடித்துக்கொண்டிருந்தவர். மலைக்காய்ச்சல் கண்டு, எலும்பும் தோலுமாக வேலையை விட்டுவிட்டு வீடு வந்தார். வேலை அவரை விடவில்லை. சாப்பிடும்போதுகூட இடதுகை விரல் இலையோரத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். மேல்மங்கலத்து மருந்துக்கடைக்காரரும் அதே ரயிலடியில் தந்தி பழகியவர்தான். தகப்பனார் இறந்துபோகவே கடையைப் பார்த்துக்கொள்ள ஊரோடு வந்துவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நடை தூரம்தான். பேச வேண்டுமானால் காலாற நடந்து போய்ப் பேசிவிட்டு வரலாம். சித்தப்பாவின் அண்ணனான என் ஐயா இதைப் பல தடவை எடுத்துச் சொல்லியும் சித்தப்பாவுக்கு அது ஒரு நியாயமாகவே படவில்லை.

தொழுவத்தை ஒட்டிய சின்ன அறையில் அவருடைய மண்சட்டிகள் வரிசையாக இருக்கும். சட்டிக்குள் செப்புத் தகடும் துத்தநாகத் தகடும் மயில்துத்தத் தண்ணீரும். அதற்குப் பாட்டரி என்று பேர். அந்த நீலத் தண்ணீரைப் பார்த்தால் குடிக்க ஆசையாக இருக்கும். குடித்தால் குடல் வெந்துபோகும் என்று சொல்லி வைத்திருந்ததால் நான் வாசலைத் தாண்டுவதில்லை. வாசலில் உட்கார்ந்து, சேதி அடிக்கிற தந்திக் கட்டையின் டக் டக்கென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"சித்தப்பா, இப்ப என்ன சொன்னீக?"

"என் சத்தம் நல்லாக் கேக்குதான்னு கேட்டேன்."

"அவுக என்ன சொன்னாக?"

"கேக்குதாம். அவரு சத்தம் இங்கன கேக்குதான்னு கேக்குறாரு."

அநேகமாக எல்லா நாளும் இதுதான் பேச்சு. சட்டியில் தண்ணீர் வற்றிவிட்டதா, கம்பியில் துரு ஏறிவிட்டதா, காற்றடித்ததே எங்காவது மட்டை விழுந்து கிடக்கிறதா என்று மாற்றி மாற்றி விசாரித்துக்கொள்வார்கள். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாக வேண்டும் என்பதால் அதில் வேறு குழப்பம். செப்புத் தகடு தேய்க்கப் புளி இருக்கிறதா என்று ஒருமுறை சித்தப்பா கேட்டார். அந்தப் பக்கம் அது புலியாகப் போய்ச் சேர்ந்தது. மருந்துக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு, நாலு ஆட்களைக் கம்போடு திரட்டிக்கொண்டு மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கோடை வந்ததும் சத்தம் தேயத் தொடங்கியது. சித்தப்பா காதை அந்தக் கட்டையோடு வைத்துக் கேட்டார். பாட்டரியைக் கழுவி மறுபடி நிரப்பினார். கம்பி முடிச்சுகளை எல்லாம் அவிழ்த்துச் சுரண்டிக் கட்டினார். கடைசியில் கோளாறு மண்ணில்தான் என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்தார்கள். போகிற சேதி கம்பி வழியாகப் போனாலும், அது சுற்றி வந்து சேருவது பூமி வழியாகத்தானாம். அதற்கு இரண்டு முனையிலும் ஏதாவது உலோகத்தை ஈரமண்ணில் புதைக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் எர்த்து. சித்தப்பா முதலில் ஒரு கடப்பாரையை இறக்கிப் பார்த்தார். பிறகு பழைய கலப்பைக் கொழு. எதுவும் சரிப்படவில்லை.

பங்குனியில் நாங்கள் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்காகப் பெரியகுளம் போய்வந்தோம். சித்தப்பா வரவில்லை. திரும்பி வந்தபோது கிணற்றடிக்குப் பக்கத்தில் புதுமண் மேடாகக் கிடந்தது. அறையில் கட்டை கணீர் கணீரென்று அடித்துக்கொண்டிருந்தது. தொழுவத்து மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன. சித்தப்பாவின் முகத்தில் காய்ச்சலுக்குப் பிறகு அப்படியொரு களையை நாங்கள் பார்த்ததில்லை. அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்தவள் பேச்சியக்கா. புருஷன் அணை வேலைக்கு மலையேறிப் போனவன், இறங்கி வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்றும் தெரியவில்லை. சாணி அள்ளுவது, நெல் புடைப்பது, தண்ணீர் இறைப்பது எல்லாம் அவள்தான். இப்போது சித்தப்பா அவளுக்குப் புதிதாக ஒரு வேலை வைத்தார். தினமும் காலையிலும் சாயங்காலமும் அந்த மண்மேட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

"செடியும் இல்ல கொடியும் இல்ல, வெறுந்தரைக்கு எதுக்கய்யா தண்ணி?" என்று கேட்டாள்.

"தந்தி போட்டிருக்கேன் பேச்சி. மொளைச்சு வரும்."

அவளும் சிரித்துக்கொண்டே ஊற்றினாள். நான் கூடப் போய் நின்று முளை தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒரம்பரை, சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியது. ஐயாவின் அக்காவான என் பெரிய அத்தையும் வந்திருந்தாள். இத்தனை பேருக்கும் உலை வைக்க வேண்டுமே என்று, பரணிலிருந்து பெரிய செம்புத் தவலையை இறக்க அம்மா ஏணி வைத்து ஏறினாள். அது அம்மாவுக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த சீர். வருஷத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் கீழே இறங்கும். அம்மா வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

வீடு முழுக்கத் தேடினார்கள். வைக்கோல் படப்பில்கூடக் கைவிட்டுப் பார்த்தார்கள்.

"பரணுக்குக் கடைசியா யாரு ஏறுனா?" என்று பெரிய அத்தை கேட்டாள்.

திருவிழாவுக்கு ஒட்டடை அடிக்கப் பேச்சியக்காதான் ஏறியிருந்தாள். அம்மா அதை மெல்லிய குரலில் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில், சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறம் என்னத்தத் தேடுறீக?" என்றாள் அத்தை.

பேச்சியக்கா நெல் புடைத்த முறத்தைக் கீழே வைத்தாள். "ஆத்தா, நான் ஒட்டடதான் அடிச்சேன். தவல இருந்துச்சா இல்லையான்னுகூட நான் பாக்கல" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அம்மா ஏணியை எடுத்து வைக்கத் திரும்பிவிட்டாள். அத்தையும் ஐயாவும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த அவள் வீட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். வேடிக்கை பார்க்க நானும் பின்னால் ஓடினேன்.

வீடு என்றால் ஒரே அறை. தவலையை ஒளித்துவைக்க அங்கே இடமே கிடையாது. ஆனாலும் அத்தை பாயை உதறினாள். அடுக்குப் பானைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கேப்பை இருந்த பானையைத் தரையில் கவிழ்த்துப் பார்த்தாள். ஐயா வாசலிலேயே நின்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வித்துத் தின்னுருப்பா" என்று சொல்லிவிட்டு அத்தை வெளியே வந்தாள். பேச்சியக்கா மண்ணோடு கலந்த கேப்பையைக் கையால் கூட்டிக் கூட்டி அள்ளத் தொடங்கினாள். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது சித்தப்பா பாட்டரி அறையில் இருந்தார். ஏதோ ஒரு சட்டியை வெகுநேரமாகக் கழுவிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி ஐயாவை அனுப்பினாள்.

மறுநாளிலிருந்து பேச்சியக்கா வரவில்லை. மண்மேட்டில் வெடிப்பு விட்டது. கட்டையில் சத்தம் நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் பல்லி தட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. சித்தப்பா ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றியிருக்கலாம். அவர் கிணற்றடிப் பக்கமே போகவில்லை.

ஒருநாள் காலை, கூடத்தில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருந்தபோது, குடையும் வேர்வையுமாக மருந்துக்கடைக்காரர் வந்து நின்றார். எதையும் ஒழுங்குமுறையாகச் செய்கிற மனிதர் அவர். வருகிற வழியெல்லாம் கம்பியைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பு கொல்லையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டார்.

"லைன்ல ஒரு கோளாறும் இல்லப்பா" என்று சித்தப்பாவிடம் சந்தோஷமாகச் சொன்னார். "பாட்டரியும் நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் காஞ்சுபோயிக் கெடக்கு. தவலைக்குத் தண்ணி ஊத்துறத ஏன் நிறுத்திட்டீக?"

சித்தப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது.

"எந்தத் தவலைக்கு?" என்றாள் பெரிய அத்தை.

"அதாங்க, கெணத்தடியில பொதச்சிருக்காருல்ல, பெரிய செம்புத் தவல. அதப் பொதச்ச பெறகுதான சத்தம் கணீர்னு வந்துச்சு! எங்கிட்ட அம்மாம் பெரிசு இல்லையேன்னு எனக்குத்தான் பொறாமை."

பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு கம்பி இழுத்து வைத்திருந்தும் பேச்சியக்கா மேல் பழி விழுந்த அந்த ஒரு சேதியை மட்டும் சித்தப்பா அதன் வழியாக அனுப்பவில்லை.

ஐயா எழுந்துபோய்க் கைகழுவினார். மம்பட்டியை எடுத்துவந்து சித்தப்பாவின் காலடியில் போட்டார். "தோண்டு" என்றார்.

தவலை வெளியே வந்தது. பச்சை பூத்து, வயிற்றில் சேறு அப்பி, கழுத்தில் துளை போட்டுக் கம்பி கோத்திருந்தது. வெயிலில் நின்று தோண்டியதில் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

"நாளைக்குச் சொல்லிரலாம், நாளைக்குச் சொல்லிரலாம்னே இருந்தேன் மதினி" என்றார்.

"என் தவலைய எடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தம்பி. அவ வீட்டுல கேப்பையக் கீழ கொட்டுனாகளே, அப்ப நீங்க எங்கன இருந்தீக?"

சித்தப்பா மம்பட்டியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அவரிடம் கேட்டுவிட்டு, "நான் எங்கன இருந்தேன்?" என்று தனக்கும் ஒருமுறை கேட்டுக்கொண்டாள். பிறகு சேற்றோடு இருந்த தவலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். கழுவிவிட்டுப் போகலாம் என்று அத்தை சொன்னது அவள் காதில் ஏறவில்லை. பேச்சியக்கா வீட்டுக்குக் குறுக்கு வழியாகப் போனால் வரப்போடு போய்விடலாம். அம்மா கடைத்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா நின்று ஒரே பதிலைச் சொன்னாள்:

"எங்க வீட்டுக் கெணத்தடியிலதான் கெடந்துச்சு. நாங்கதான் பொதச்சு வச்சிருந்தோம். பேச்சி எடுக்கல."

பேச்சியக்கா வாசலில் உட்கார்ந்து கேப்பையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா தவலையை அவள் முன்னால் இறக்கி வைத்தாள். "என் மேலதான் தப்பு பேச்சி" என்றார் சித்தப்பா. அவள் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தவலைக் கழுத்தில் தொங்கிய கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்கா ஊத்துனேன்?" என்றாள். "காலையிலயும் சாயங்காலமும் என் கையாலதான ஊத்துனேன். இது கீழ கெடந்திருக்கு, நான் மேல நின்னுருக்கேன்." பிறகு சிரித்துவிட்டாள். சிரித்ததும் அம்மா அழுதாள். யார் அழ வேண்டுமோ அவள் சிரிக்கிறாள், அம்மா எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய அத்தை மறுநாளே வண்டி கட்டச் சொல்லி ஊருக்குப் போய்விட்டாள். ஐயா கம்பியை அறுத்துப் போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் அறுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் எங்கிருந்தோ ஓர் ஓட்டை அண்டாவைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பாவே குழி தோண்டிப் புதைத்தார். தண்ணீரையும் அவரே இறைத்து ஊற்றினார். சத்தம் முன்போலக் கணீரென்று இல்லை; ஏதோ கேட்டது.

திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு அம்மா மறுபடி போய்க் கூப்பிட, பேச்சியக்காவும் வேலைக்கு வந்துவிட்டாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். காணாமல் போன தவலையும் கிடைத்துவிட்டது, பேச்சியக்காவும் வந்துவிட்டாள், எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தேன். அவளும் பழையபடிதான் சாணி அள்ளினாள், நெல் புடைத்தாள், என்னோடு விளையாட்டுப் பேச்சுப் பேசினாள்.

ஒன்றே ஒன்று மட்டும் புதிது. சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா எங்கே இருந்தாலும் தேடிவந்து முன்னால் நிற்பாள். இடுப்பில் செருகிய முந்தானையை எடுத்து இரண்டு தடவை உதறுவாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டுவாள். பிறகு, "வாரேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போவாள்.

"வேணாம் பேச்சி" என்று முதல் நாள் அம்மா சொன்னாள்.

"இருக்கட்டும் ஆத்தா" என்றாள் அவள். குரலில் கோபமே இல்லை. மறுநாளும் உதறினாள். அதற்கு அடுத்த நாளும் உதறினாள். அவள் எங்கள் வீட்டில் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு சாயங்காலமும் அது தவறவில்லை.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் கிளம்புகிற நேரத்துக்கு நானும் ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றுகொள்வேன். அவள் முந்தானையை உதறினால் நான் பாவாடையை உதறுவேன். அவள் கையை விரித்தால் நானும் விரித்து, "எங்கிட்டயும் ஒண்ணுமில்ல!" என்று கத்துவேன். பேச்சியக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரிப்பாள். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள்.

அம்மாவுக்கு விளையாடத் தெரியாது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.