போர்ஷியாவும் பூரசும்

என் சித்தப்பாவுக்கு எல்லாப் பொருளுக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் தெரிந்திருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில், மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், தண்ணீர்ப் பஞ்சத்துக்கு அடுத்த தொல்லை அதுதான். டுடோரியல் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திவிட்டு வருபவர், கத்தரிக்காயைக்கூட அதன் சீமைப் பெயரைச் சொல்லாமல் உண்ணமாட்டார். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறுவாள்.

வாசலில் ஒரு பூவரச மரம் நின்றது. அதன் இலையைச் சுருட்டி நான் ஊதிய பீப்பிச் சத்தம் தெருவுக்கே தலைவலி. ஜவுளிக்கடை வைத்திருந்த வீட்டுக்காரர் புதிதாகக் கார் வாங்கினார். கொட்டகை போட அந்த மரத்தை வெட்டப்போவதாகச் சொல்ல வந்தார். நான் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். என் பொருட்டுச் சித்தப்பா களத்தில் இறங்கினார்.

“சார், இது சாதாரண மரமில்ல. போர்ஷியா. சீமாட்டி ஒருத்தி பேரு. வெள்ளைக்காரன் ஆசைப்பட்டு வெச்சது.”

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றாத குறையாக மரத்தைச் சுற்றி வந்தார். “சீமை மரமா? அப்போ கொட்டகையைப் பின்பக்கம் போட்டுக்கலாமோ” என்று அவர் யோசித்த வேளையில் அம்மா காபியுடன் வந்தாள்.

“சீமையாவது ஒண்ணாவது. இது பூரசுங்க. எங்க ஊர்ல வாய்க்கால் கரை பூரா இதுதான். மாடு கட்டுவோம்.”

“அண்ணி, நீங்க உள்ள போங்களேன்.”

“இருக்கற பேரைச் சொன்னா என்ன தம்பி?”

வீட்டுக்காரர் காபியை ரசித்துக் குடித்தார். “நல்லவேளை சொன்னீங்கம்மா. நாளைக்கு ஆள் வரும்.”

ஆள் வந்தார், மரம் போயிற்று. அதன்பின் வெகுகாலம், அண்ணியின் அறியாமையைப் பற்றிச் சித்தப்பாவும் தம்பியின் பீற்றலைப் பற்றி அம்மாவும் என்னிடமே முறையிட்டார்கள்.

பின்னாளில் ஓர் அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது: சீமாட்டி எவளும் இல்லை. இந்தக் கரையில் இறங்கிய வெள்ளைக்காரன் மரத்தின் பெயரைக் கேட்டிருக்கிறான். யாரோ பூரசு என்றிருக்கிறார்கள். அவன் வாயில் அது போர்ஷியா ஆகியிருக்கிறது. ஒரே சொல்லுக்காகத்தான் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

மரம் விழுந்த அன்று, வெட்டிய கிளைகளின் நடுவே உட்கார்ந்து, எது சரியான பெயர் என்று தீர்மானிக்க இரண்டையும் மாறிமாறிச் சொல்லிப் பார்த்தேன். வேகமாகச் சொல்லச் சொல்ல ஒன்று மற்றொன்றாகிக்கொண்டே இருந்தது. அழுததில் நாக்குக் குழறுகிறது என்று எண்ணி நிறுத்திவிட்டேன்.