சும்மா கெடந்த காடு

முருகலட்சுமிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் குணம்தான் அவள் குடியைக் கெடுத்தது.

கடலாடிப் பக்கம் அவளுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். நாங்கள் அதைக் காடு என்போம். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நெல்லும் மிளகாயும் போட்டு, மகள் ஜெயப்பிரியாவை எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ வரை படிக்க வைத்தாள். அந்த நேரம் பார்த்து அரசு உதவியோடு சோலார் பூங்கா வருகிறது என்றார்கள். பகல் வெயிலைப் பேட்டரியில் அடைத்து வைக்கும் புது நுட்பமாம். விவசாய நிலம் கொடுக்கும் வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்று கிராமசபையில் வாசித்தார்கள். அவள் வேறு எதையும் காதில் வாங்கவில்லை. மகள் உள்ளூரிலேயே வேலைக்குப் போவாள், அது போதும்.

பூங்காவுக்கு நிலம் கணக்கெடுக்க வந்தவர் வெளியூர்க்காரர். வந்தது வைகாசியில். இந்தச் சீமையில் வைகாசியில் எந்த மடையன் நிலத்தில் பயிர் நிற்கும்? புரட்டாசியில் விதைத்தால்தான் உண்டு.

"இப்ப என்னம்மா போட்டிருக்கீங்க?"

"இப்ப சும்மாதான் சார் கெடக்கு."

மழை வரும்வரை நிலம் சும்மா கிடப்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அவருக்குத் தெரியவில்லை. கையிலிருந்த டேப்லெட்டில் 'தரிசு' என்று தட்டினார். கையெழுத்துக் கேட்டார், போட்டாள்.

தரிசு கொடுத்தவர்களுக்கு வேலை கிடையாது. நிலத்தைக் கொடுத்து, வேலியும் போட்ட பிறகுதான் அது தெரிந்தது. கிராமக் கணக்கில் வருடா வருடம் பயிர் ஏறிய அடங்கல் நகலைத் தூக்கிக்கொண்டு பூங்கா ஆபீசுக்கு ஓடினாள். அங்கிருந்த அதிகாரி உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் கையெழுத்தையே அவளிடம் காட்டினார்.

"நீங்கதானேம்மா சொல்லியிருக்கீங்க."

"மழைக்கு முந்தி வந்து கேட்டா வேற என்னய்யா சொல்றது?"

"கணக்கெடுத்த அன்னைக்கு என்ன இருந்துச்சோ அதுதாம்மா."

அத்தனை படித்தவர்கள் கூடிப் போட்ட திட்டத்தில், இந்த ஊரில் எந்த மாதம் மழை பெய்யும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஜெயப்பிரியா ஓசூருக்குப் போனாள். சோலார் பேனல் செய்யும் கம்பெனி. அதுவும் அரசு சலுகையில் நடப்பதுதான். ஒப்பந்த வேலை. பேனலைத் துடைத்துப் பெட்டியில் அடுக்க வேண்டும். போன மாதம் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நேத்து நான் அடுக்குன பெட்டியில நம்ம ஊரு பேரு ஒட்டியிருந்துச்சும்மா."

முருகலட்சுமி போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

"ஒடயாம அடுக்குத்தா. அதுக்காச்சும் நம்ம காட்டுல எடம் கெடச்சிருக்கு."