குட்டிக்கொம்பன் விடைபெறும் காட்சி

அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. ஆனாலும் அந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் இருபது வருஷமாக எல்லாரும் அவளைப் 'பையன்' என்றுதான் கூப்பிட்டார்கள். "பையன் வந்தாச்சா?", "பையனுக்குச் சுடுதண்ணி வைங்க" என்று குரல் கேட்கும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் யாரோ பொடியன் ஓடி வரப்போகிறான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூக்குக்கண்ணாடியும் கைப்பையுமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் படியேறி வருவாள். கார்ட்டூனில் வரும் சின்னப் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பதுதான் வழக்கம். நிஜப் பையனைக் கொண்டுவந்து நிறுத்தினால் இரண்டு வருஷத்தில் அவனுக்கு மகரக்கட்டு உடைந்து குரல் தடித்துவிடும், தொடர் நடுத்தெருவில் நிற்கும். இவளிடம் அந்தக் கவலை கிடையாது.

கடைசி ஒன்பது வருஷம் அவளுக்கு ஒரே தொடர்தான். ஜப்பான்காரர்கள் எடுத்தது. கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் ஓர் உலகத்தில் சில பிள்ளைகள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ஆளுக்கொரு குட்டி மிருகம் துணைக்கு வருகிறது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் அது ஒரு கத்துக் கத்தி, மாடி வீடு உயரத்துக்கு வளர்ந்து, எதிரியைத் துவம்சம் பண்ணும். வேலை முடிந்ததும் பழையபடி சுருங்கி, "பசிக்குது" என்று உட்கார்ந்துவிடும். இதையே வைத்து இருநூறு எபிசோடு எப்படி ஓட்டினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். ஓட்டினார்கள். பிள்ளைகளும் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

அதில் முக்கியமான பையன் இவள். அவனுக்குத் துணையாக வரும் இரண்டு கொம்பு மிருகத்துக்குக் கூடத்தில் வைத்த பெயர் குட்டிக்கொம்பன். குட்டிக்கொம்பனுக்குக் குரல் கொடுத்தவர் இவளுடைய வீட்டுக்காரர்.

திரையில் அந்த இரண்டும் இணைபிரியாத ஜோடி. குரல் கொடுத்த ஜோடி ஒருநாள்கூட ஒரே மைக் முன்னால் நின்றதில்லை. டப்பிங்கில் அவரவர் வசனத்தை அவரவர் தனியாக வந்து பேசிவிட்டுப் போக வேண்டியதுதான். இவள் முறை செவ்வாய்க்கிழமை, அவர் முறை வெள்ளிக்கிழமை. செவ்வாயன்று இவள் எதிரே யாரும் இல்லாமல், "எழுந்திரு, உன்னால முடியும்" என்று தொண்டை கிழியக் கத்துவாள். வெள்ளியன்று அவர் வந்து எழுந்திருப்பார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொண்டை மக்கர் பண்ணியது. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் சின்னச் சின்னத் தடிப்பு இருக்கிறது என்றார். "இந்தக் குரல்தான் உங்க பிழைப்புன்னா, வேலை நேரம் தவிர வாயைத் திறக்காதீங்க" என்றும் சொன்னார். மருந்தை மறந்தாலும் மறப்பாளே தவிர, அந்தச் சொல்லை அவள் தட்டவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வாய்க்குப் பூட்டு. சாப்பாடு தயார் என்பதை அடுப்படியிலிருந்து போனில் தட்டி அனுப்புவாள். ஹாலில் உட்கார்ந்திருக்கும் மனுஷர் பதிலுக்குக் கட்டைவிரல் படம் அனுப்புவார். முதலில் கொஞ்ச நாள் அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசினால் இவளுக்குப் பதில் சொல்ல வாய் துறுதுறுக்கும் என்று பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார். சொந்தக்காரர்களுக்கு ஒரே ஆச்சரியம். சண்டை சச்சரவு இல்லாத வீடு என்றால் இதுதான் என்று இவர்களைக் காட்டித் தங்கள் மருமகள்களுக்குப் புத்தி சொன்னார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒரு காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்வரைகூடத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அவள் எப்போது உடைவாள் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்கள். துணைக்கு வந்து தங்கியிருந்த தங்கைக்குத்தான் பொறுக்கவில்லை.

"அக்கா, ஒரு தடவை வாய்விட்டு அழுதுடுக்கா. உள்ளேயே வச்சுக்கிட்டா உடம்புக்கு ஆகாது."

"உள்ளே ஒண்ணும் இல்லையே" என்று போனில் தட்டிக் காட்டினாள் அவள்.

அது பொய்யில்லை. உள்ளே எதுவும் இல்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு இறங்காத வாய் மாதிரி, தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான். குளித்தாள், சாப்பிட்டாள், அவருடைய சட்டைகளை மடித்து அடுக்கினாள். தனக்கு என்னவோ கோளாறு என்று அவளே பயந்தாள். அந்தப் பயமும் அரைகுறையாகத்தான் இருந்தது.

இருபதாம் நாள் டப்பிங் டைரக்டர் போன் பண்ணினார். தொடரில் கடைசி மூன்று எபிசோடு பாக்கி. குட்டிக்கொம்பன் தன் உலகத்துக்குத் திரும்பிப் போவதோடு கதை முடிகிறது. அதற்குப் பேச அவர் இல்லை. வேறு ஓர் ஆளை வைத்து மூன்றையும் பேச வைத்துவிடலாம் என்று தொடரை வாங்கிய கம்பெனி சொல்லிவிட்டது.

"புது ஆள் நல்லாத்தான் பேசறான். ஆனா பிள்ளைங்க கண்டுபிடிச்சிடும்" என்றார் டைரக்டர்.

"அவர் பேசினதெல்லாம் இருக்கே சார். அதுலேருந்து எடுத்து ஒட்ட முடியாதா?"

ஏதாவது வேண்டும் என்று இருபது நாளில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான். ஒன்பது வருஷம் அந்த மிருகம் அவராக இருந்தது. விடைபெறும்போது மட்டும் வேறு எவனோவாக இருப்பதை அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. டைரக்டர் கம்பெனியோடு மல்லுக்கட்டி ஒரு வாரம் அவகாசம் வாங்கினார். கண்டிஷன் ஒன்று போட்டார்கள். குட்டிக்கொம்பனுக்கு நாற்பத்து மூன்று வசனம். நாற்பத்து மூன்றும் கிடைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மொத்தத்தையும் புது ஆள்தான் பேசுவான், ஒரே எபிசோடில் இரண்டு குரல் வரக்கூடாது.

மறுநாளே அவள் போய் சவுண்ட் இன்ஜினியர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம். காலையில் பதிவை ஓடவிட்டால் சாயங்காலம்தான் நிறுத்துவான். கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கிறாய் என்று டைரக்டர் திட்டித் திட்டி ஓய்ந்துவிட்டார். அதனால் வசனத்துக்கு நடுவே தும்மியது, டீ கேட்டது, வம்பளந்தது என்று எல்லாமே பத்திரமாக இருந்தன.

வேண்டியதில் பெரும்பாலானவை சுலபமாகக் கிடைத்தன. உருமாறும் கத்தல் ஏற்கெனவே ஒரே தடவை பேசி நூறு எபிசோடுக்கு ஓட்டியதுதான். "பசிக்குது" மட்டும் அறுபது தினுசில் இருந்தது. தேடும்போது நடுநடுவே அவருடைய வெள்ளிக்கிழமைகளும் ஓடின. மனுஷர் ஓயாமல் பேசினார். பஸ்ஸில் செருப்பைத் தொலைத்த கதையை இருபது நிமிஷம் சொன்னார். டைரக்டர் நடப்பது மாதிரி நடந்து காட்டியிருக்க வேண்டும், ஸ்பீக்கரில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்ஜினியரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

"இப்படியா பேசுவார்?" என்று கேட்டாள்.

"வாயை மூடவே மாட்டாருக்கா. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சப்புறமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிட்டுத்தான் போவாரு."

வீட்டுக்கு லேட்டாக வரும் நாட்களில் வேலை இழுத்துவிட்டது என்று போனில் தட்டி அனுப்புவார். அவள் நம்பினாள்.

மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு கிடைத்துவிட்டது. மிச்சம் ஒன்று, கடைசி வசனம். ஒளி நிறைந்த வாசலில் நின்று குட்டிக்கொம்பன் விடைபெறுகிறான், அவன் வாய் ஐந்து விநாடி அசைகிறது. இருநூறு எபிசோடில் அந்த மிருகம் ஒரு தடவைகூடப் போகிறேன் என்று சொன்னதில்லை. பையனை விட்டுப் போகாததுதானே அதன் வேலை. அன்றைக்கும் தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் இன்ஜினியர் ஒரு பதிவைப் பாதியில் நிறுத்தி அடுத்ததுக்குத் தாவினான். அதை அவன் ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்ததால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் முகம் மாறியது தெரிந்தது.

"அதுல என்ன தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. சும்மா பேச்சு."

"ஸ்பீக்கர்ல போடு."

"வேண்டாம்க்கா."

"போடுப்பா."

போட்டான். முதலில் இன்ஜினியர் குரல் வந்தது. "என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? மழை விட்டதும் போகலாமே." நாற்காலி நகர்ந்தது. பிறகு அவர் பேசினார். மிருகத்தின் கீச்சுக்குரல் இல்லை, அவருடைய சொந்தக் குரல். "கிளம்பறேன். வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்ல. இருந்தாலும் போய்த்தானே ஆகணும்." கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

குறை சொல்கிற தொனியே இல்லை. கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வது மாதிரி சொன்னார். பதிவில் தேதி இருந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. அந்த நேரத்துக்கு அவள் வீட்டில்தான் இருந்திருப்பாள். துணி மடித்துக்கொண்டோ, தொண்டைக்கு ஆவி பிடித்துக்கொண்டோ, வாய் திறக்காமல். கதவிடுக்கில் யாருடைய விரலோ நசுங்கியது போல இருந்தது. அது தன் விரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது, வலி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

டைரக்டர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. "இன்னொரு தரம் போடு" என்றார். கேட்டுக்கொண்டே கண்ணை மூடி விரலால் தாளம் போட்டார். முப்பது வருஷப் பழக்கம், எதைக் கேட்டாலும் வாயசைவுக்குச் சரியாக வருமா என்றுதான் முதலில் கணக்குப் போடும். "அஞ்சு விநாடி. படத்து மேல வை. குரலை ஏத்து."

இன்ஜினியர் வைத்தான். குரலை இரண்டு படி உயர்த்தினான். ஒளிவாசலில் நின்று குட்டிக்கொம்பன் சொன்னான், வீட்டுக்குப் போனாலும் பேச ஆளில்லை, இருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும் என்று. வாய் கச்சிதமாகத் திறந்து மூடியது.

"அடேயப்பா, நம்ம எழுத்தாளர் எழுதினதைவிட நல்லாயிருக்கே" என்றவர், இன்ஜினியர் தரையைப் பார்ப்பதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவருக்கு மெதுவாகத்தான் விளங்கியது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இதை வச்சா நாற்பத்து மூணும் ஆச்சு. ஆனா நீ சொல்லும்மா. வேண்டாம்னா வேண்டாம், அந்தப் புது ஆளைக் கூப்பிட்டுக்கறேன். யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க."

அவள் யோசித்தாள். வைத்தால், தன் வீட்டு லட்சணம் ஊர் முழுக்க ஒலிபரப்பாகும். ஊருக்கு அது தெரியப்போவதில்லை, அவளுக்குத் தெரியும். வைக்காவிட்டால் அவர் இல்லாமலே அவர் விடைபெற்றுவிடுவார்.

"போடுங்க சார்" என்றாள். "அவர் சொன்னதுதானே."

அடுத்து அவள் பேச வேண்டியிருந்தது. குட்டிக்கொம்பனுக்குப் பையன் சொல்லும் பதில் ஒரே ஒரு வரி. ஜப்பானில் எழுதி, இங்கே மொழிபெயர்த்து, ஆறு மாசத்துக்கு முன்னாலேயே தட்டச்சு ஆன வரி. "நான் இருக்கேன்ல." அவளுக்கு அது ஊதித்தள்ளுகிற வேலை. எந்த வசனத்தையும் ஒரே டேக்கில் முடித்துவிட்டு வெளியே வருவதில் அவள் பேர் போனவள். எப்போதும் செவ்வாய்க்கிழமை வெறும் இடத்தைப் பார்த்துப் பேசுகிறவளுக்கு, முதல்முறையாக அவர் குரல் முன்னால் வந்து, அதற்குப் பிறகு இவள் பேச வேண்டும். கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். குட்டிக்கொம்பன் பேசி முடித்தான்.

"நான் இருக்கேன்ல" என்றாள்.

டைரக்டர் குரல் காதில் வந்தது. "பையன் வரலம்மா. உன் குரல் வருது. இன்னொண்ணு போலாம்."

சுடுதண்ணீர் குடித்தாள். தோளை உதறினாள். எட்டு வயசுப் பையன் தொண்டையின் எந்த மூலையில் இருப்பான் என்று அவளுக்கு அத்துப்படி. அங்கே தேடினாள். "நான் இருக்கேன்ல." ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளைதான் பேசினாள். மூன்றாவது தரமும் அப்படித்தான். ஏழாவது தரமும் அப்படித்தான்.

"அழறியாம்மா?"

"இல்ல சார்."

அது உண்மை. கண் வறண்டுதான் இருந்தது. அழுகை வராதது பற்றி இப்போது அவளுக்குக் கவலையும் இல்லை. பையன் வராததுதான் உறுத்தியது.

பத்தாவது தரத்துக்குப் பிறகு இன்ஜினியர் பட்டனை அமுக்கிப் பேசினான். "சார், அவருக்கு ஏத்தின மாதிரியே அக்காவுக்கும் ரெண்டு படி ஏத்திடறேன். வித்தியாசமே தெரியாது." டைரக்டர் சரியென்றார். முதல் டேக்கையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எபிசோடு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒளிபரப்பானது. அவள் பார்க்கவில்லை, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்த தங்கை போன் பண்ணினாள்.

"அக்கா, பார்த்தோம். மாமா சூப்பர். அவர் இல்லாம எடுத்ததுன்னு யாரும் சொல்ல முடியாது. நீ 'நான் இருக்கேன்ல'ன்னு சொன்னதும் என் சின்னது தேம்பித் தேம்பி அழுதுச்சு. மாமா சொன்ன உடனே டக்குனு எப்படிக்கா அப்படிப் பதில் சொன்னே?"

அவள் குழாயை மூடினாள். வீட்டில் அவள் குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது.

"அவர் அதைச் சொல்லி நாலு வருஷமாச்சும்மா" என்றாள். "நான் இப்பதான் பதில் சொன்னேன்."