விமான நிலையத்தில் நின்றதாகச் சொன்ன பகல்

இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அதில் ஒரு பக்கம் பொய்.

அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "கொழும்பு. விடுதி அறை இரண்டாம் மாடி. நல்ல வெயில். பொலிஸ் பதிவு முடிந்தது. மத்தியானம் சோறும் பருப்பும். பெட்டியைத் திரும்ப அடுக்கினேன்." ஒவ்வொரு சொல்லும் உண்மை. அன்று காலை பத்தேகாலுக்கு வந்த தொலைபேசி அழைப்பு மட்டும் அதில் இல்லை.

சுனாமி வந்து நாலு வருடம் கடந்திருந்தது. வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த மாதங்கள். மட்டக்களப்புக் கல்லடியில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதிக்குக் கோலாலம்பூரில் கலியாணம். அவளுடைய இரண்டாவது கலியாணம். முதல் கணவனையும் ஆறு வயதுப் பெண் பிள்ளையையும் கடல் கொண்டு போனது. இரண்டு பேரின் உடலும் கிடைக்கவில்லை. பிறகு அவள் மலேசியாவில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கே ஓர் அச்சகத்தில் வேலை செய்யும், மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கேட்டிருந்தார். "ஊரில இருந்து நீ ஒருத்தி வந்தாக் காணும்" என்று எனக்கு எழுதினாள்.

போனேன். நாற்பத்திரண்டு வயதில் முதல் கடவுச்சீட்டு, முதல் விமானம். அலுவலகத்தில் பத்து நாள் லீவு. கலியாணம் முடிந்த பிறகு இரண்டு நாள் மலாக்கா போய்ப் பார்ப்பதற்கு அவளுடைய அண்ணனைக் கொண்டு பேருந்துக்கும் அறைக்கும் முன்கூட்டியே பதிவு செய்வித்திருந்தேன். இதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வன்னிச் செய்தி கேட்டு எல்லோரும் வாயடைத்துப் போயிருந்த நாட்களில் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? கலியாணத்துக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

பத்தேகாலுக்கு அழைத்தது என் தம்பி.

"அக்கா, சின்னம்மா மோசம் போயிட்டா. விடிய ஆறு மணிக்கு. நாளைக்கு மூண்டு மணிக்கு எடுக்கிறம்."

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. செட்டிபாளையத்தில், வாவிப் பக்கமாக அவருடைய வீடு. சுனாமியில் எங்கள் கல்லடி வீடு சுவர் மட்டும் மிஞ்சி நின்றபோது அம்மாவும் நானும் ஏழு மாதம் அந்த வீட்டில்தான் இருந்தோம். என் நாட்குறிப்புகள் இருந்த தகரப்பெட்டி நாலு வீடு தள்ளி ஒரு வேலியில் செருகிக் கிடந்தது. எறிந்துவிடச் சொன்னேன். சின்னம்மா எறியவில்லை. முற்றத்தில் பாய் விரித்து, ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் பழைய பேப்பர் துண்டு வைத்து, பதினெட்டு நாள் காயவைத்தார். அவர் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்.

"இதில என்னைப் பத்தி எங்க எழுதியிரிக்கி, காட்டு மனே, பாப்பம்."

"அது வேற கொப்பி சின்னம்மா."

"ஓமோம். நான் செத்த பிறகுதான் எழுதுவாய் போல."

தம்பி அழைத்தபோது நான் கணக்கிட்டேன். கணக்கிடுவது என் வழக்கம். பின்னேரப் பேருந்தில் ஏறினால் சோதனைச் சாவடிகளையும் சேர்த்து விடியற்காலையில் மட்டக்களப்பு. மூன்று மணிக்கு முன் சின்னம்மாவின் முகம் பார்க்கலாம். விமானம் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு; அந்த நேரம் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டில் ஒன்றுதான். இன்னொன்றும் இருந்தது. தாய் வழிச் சாவு என்பதால் எனக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அந்தத் துடக்கோடு கலியாண வீட்டுப் படி ஏறக்கூடாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கைப்பையில் சிநேகிதி கேட்டிருந்த களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருநீறு வேறு இருந்தது.

கணக்கு முடிந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"நான் எயார்போர்ட்டுக்குள்ள வந்திட்டன் தம்பி. பாஸ்போட்டில சீலும் அடிச்சிட்டாங்க. இனி வெளிய வர விடமாட்டாங்க."

அறை ஜன்னலுக்குக் கீழே லொத்தர்ச் சீட்டு விற்பவர் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனார். நான் கைபேசியைப் பொத்தினேன், பிந்திவிட்டது.

"என்ன சத்தம் அது?"

"இஞ்ச ஒரே சனம்."

தம்பி "சரி. கவனமாப் போயிட்டு வா" என்றான். நான் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, அடுக்கியிருந்த உடுப்புகளை எல்லாம் எடுத்து மறுபடி அடுக்கினேன். அழுகை வரவில்லை. வராததைக் கவனித்துக்கொண்டு இருந்தேன்.

கலியாணம் நான் போய்ச் சேர்ந்த நாலாம் நாள், ஒரு பிள்ளையார் கோயில் மண்டபத்தில். அதுவரை நான் எதையும் தொடாமல் சமாளித்தேன். பலகாரம் சுடக் கூப்பிட்டால் தலையிடி என்றேன். திருநீற்றை அவளுடைய அண்ணியின் கையில் கொடுக்காமல், மேசையில் வைத்துவிட்டு எடுக்கச் சொன்னேன். மட்டக்களப்பிலிருந்து வந்திருக்கிறேன் என்று கேட்டதும் முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். "அங்க சனம் படுற பாட்டை நினைச்சாச் சோறு இறங்குதில்ல" என்று ஒரு வயதான அம்மா கண் கலங்கினார். சண்டை நடந்தது வன்னியில். நான் வந்தது ஒரு விடுதி அறையிலிருந்து. அந்தக் கண்ணீரை நான் திருத்தவில்லை.

கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டைச் சபைக்குள் கொண்டுபோய், எல்லோரும் தொட்டு வாழ்த்தும்படி நீட்டுவார்கள். அதற்கு என்னைக் கூப்பிட்டாள் சிநேகிதி. மணப்பெண் அறையில் நாங்கள் இருவரும்தான் இருந்தோம்.

"வேற ஆரிட்டயாவது குடு" என்றேன்.

"ஏன்?"

"எனக்குக் கை நடுங்குது."

அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே பொட்டைச் சரி செய்தாள்.

"உனக்குத் துடக்கு. எனக்குத் தெரியும். நீ வந்து சேந்திட்டாய் எண்டு சொல்ல உங்கட வீட்டுக்கு அடிச்சன். தம்பிதான் எடுத்தவன்."

நான் கதவைச் சாத்தினேன்.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவக்குச் சொன்னா முழு மண்டபத்தையும் கழுவ விட்டிருப்பா." சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "என்ர மனிசனையும் பிள்ளையையும் கண்ணாலயும் காணாம, எண்டைக்குத் துடக்குத் தொடங்கினது, எண்டைக்கு முடிஞ்சது எண்டு தெரியாம நாலு வருசம் இருந்தனான். இனி எனக்குத் துடக்கு இல்ல. நீ தூக்கு."

தட்டை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்காகத்தானே சின்னம்மாட செத்த வீட்டையும் விட்டிட்டு வந்தாய். சாகுமட்டும் மறக்க மாட்டன்."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். உனக்காக இல்லை, மலாக்காவுக்காக என்று முழுவதும் சொல்ல முடியாது. அதுவும் சரியான கணக்கு அல்ல. ஆனால் கொழும்பில் நான் கணக்கிட்டபோது அவளுடைய முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. விமானமும், பயணப் பதிவுத் தாளும், அந்தத் தாளில் இருந்த மலாக்காச் சிவப்புக் கட்டடங்களின் படமும்தான் வந்தன. நான் தலையை ஆட்டினேன். தட்டோடு சபைக்குள் போனேன். முதலில் தொட்டு வாழ்த்தியவர் அந்த வயதான அம்மா.

மலாக்காவுக்கும் போனேன். அந்த இரண்டு நாளும் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்டால், மகிழ்ச்சியாக இருந்தது. இதைத்தான் எழுதக் கூசுகிறது. எங்கள் மட்டக்களப்புக் கோட்டையில் இருந்த அதே பறங்கியரும் ஒல்லாந்தரும் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். அங்கிருந்த கோட்டைச் சுவரின் தடிப்பைக் கையால் அளந்து பார்த்தேன். ஆற்றில் படகு ஓடியது. ஏறினேன். இரு கரையிலும் வீட்டுச் சுவர்களில் பூவும் பறவையுமாகச் சித்திரம். பக்கத்தில் இருந்த ஒரு சீனப் பெண் எனக்கு மிட்டாய் தந்தாள். படகு பாலத்துக்குக் கீழே போனபோது சிரித்துக்கொண்டு இருந்தேன், சத்தமாக. பிறகுதான் திகதியைப் பார்த்தேன். அன்று சின்னம்மாவின் எட்டுச் செலவு, எட்டாம் நாள் படையல். அந்த நேரத்தில் செட்டிபாளையத்தில் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்துக்கொண்டிருப்பார்கள். படகு பாதி வழியில் இருந்தது. திரும்பி வரும்வரை நானும் இருந்தேன்.

மலாக்காவைப் பற்றி என் நாட்குறிப்பில் நாலு பக்கம் இருக்கிறது.

ஊர் திரும்பிய நாலாம் நாள் சின்னம்மாவின் மகள், என் தங்கை முறை, வீட்டுக்கு வந்தாள். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, இறந்தவரின் வாழ்க்கையை எழுதி அச்சடிக்கும் சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதை நான்தான் எழுத வேண்டும் என்றாள்.

"திகதி, நேரமெல்லாம் பிசகாம எழுதுற ஆள் நீங்கதானேக்கா. உங்கட டயறியில எல்லாம் இரிக்கும். அம்மா உங்கட கொப்பியக் காயவைச்சதையும் எழுதுங்க, என்ன."

எழுதினேன். பிறந்த ஊர், தாய்வழிக் குடி, கலியாணம், சுனாமி, பாய், பதினெட்டு நாள். இறந்த நேரம் வந்தபோது தங்கையையே கேட்டேன். "உங்கட டயறியில இல்லையா?" என்றாள். "சரி பாக்கிறதுக்குக் கேக்கிறன்" என்றேன். கடைசியில் நன்றிப் பக்கம். நேரில் வந்தவர்களுக்கு, மலர்வளையம் வைத்தவர்களுக்கு, சமையலில் உதவியவர்களுக்கு, வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் அனுதாபம் சொன்னவர்களுக்கு. தங்கை ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்.

"அக்கா வெளிநாட்டில நிண்டதால வர ஏலாமப் போச்சு எண்டும் போடுங்க. இல்லாட்டிச் சனம் கதைக்கும். உங்களுக்குக் கூடாத பேர் வரக்கூடாது."

அவள் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன்: "அன்னாரின் பெறாமகள் அவ்வேளை வெளிநாட்டில் தங்கியிருந்தமையால் இறுதிக் கிரியைகளில் கலந்துகொள்ள முடியாமற்போனமை குறித்து ஆழ்ந்த கவலை கொள்கின்றார்." ஒரு பிழை இல்லாத வாக்கியம். அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை.

அச்சகத்திலிருந்து சரிபார்க்க வந்த தாளைத் தம்பி முதலில் வாசித்தான். எழுத்துப் பிழை இரண்டைக் காட்டினான். நன்றிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

"அக்கா."

"ம்."

"எயார்போர்ட்டுக்குள்ளயும் லொத்தர் விக்கிறவங்களா?"

அந்த வரியை வெட்டு என்று அவன் சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் வெட்டியிருப்பேன் என்று இப்போது நினைக்கிறேன்; அதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவன் பேனையை மூடித் தாளை என் பக்கம் தள்ளினான்.

"உங்கட எழுத்து. நீங்களே பாத்து அனுப்புங்க."

அதுவரை என்னை நீ என்று கூப்பிட்டவன் அவன்.

பிழை இரண்டையும் திருத்தினேன். அந்த வரியைத் தொடாமல், அன்றைக்கே அச்சுக்கு அனுப்பினேன்.