மாட்டு வழியில் பாலிஹவுஸ்

நான் ஒன்றும் நல்லவள் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் எதிர் நர்சரி முதலாளி சேனாதிபதியின் பாலிஹவுஸ் மடங்கி விழுந்தபோது, கையில் டீ வடிகட்டியோடு வயிறு வலிக்கச் சிரித்தவள் நான். கொடைக்கானலில் அந்தப் பழைய நர்சரி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் முத்துலட்சுமி. அன்றைக்குத் தெருவே சிரித்தது. சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். அவள் பேர் ரெங்கம்மாள், அவள் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

ரெங்கம்மாள் தாண்டிக்குடிக்குக் கீழே காட்டில் பிறந்த பளியர் வீட்டுப் பெண். பதினேழு வயதில், மிளகு மூட்டை ஏற்றிவந்த ஜீப்பில் மூட்டை மேலேயே உட்கார்ந்து இங்கே வந்து சேர்ந்தாள். அந்த நர்சரியில் முப்பத்தொரு வருஷம் உழைத்தாள். நூறு வருஷத்துக்கு முன்னால் மிஷன்காரர்கள் போட்ட இடம் அது. பெரணி, ஜிமிக்கிப்பூ, ஆள் உயர ஹைட்ரேஞ்சியா, ஒரு கிழட்டுச் செண்பகம், அதில் கூடு கட்டிய மலையணில், பிளம்ஸைக் கொத்த வரும் கொண்டைக்குருவி எல்லாம் அவள் பொறுப்பு. அப்போதெல்லாம் அவள் வாய் ஓயாது. செடி வாங்க வந்தவர்களைக் கேட் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து, "காலையில மட்டும் தண்ணி ஊத்துங்கம்மா, இலையில படக்கூடாதும்மா" என்று கேட்காமலே சொல்லி அனுப்புவாள். தெரிந்ததை மறைத்து வைக்கத் தெரியாத ஜென்மம்.

அந்த நர்சரிக்கென்று இரண்டு வழக்கம் உண்டு. ஒன்று, புதுசாக ஒரு செடியை யார் முதலில் பூக்க வைக்கிறார்களோ அவர் பேரை ஒரு தகரத் தகட்டில் ஆணியால் கீறித் தொட்டியில் செருகுவார்கள். தோட்டக்காரனாக இருந்தாலும் சரி, முதலாளியாக இருந்தாலும் சரி. இன்னொன்று மாட்டு வழி. மேலே சோலையிலிருந்து காட்டுமாடுகள் ஓடைக்கு இறங்கும் பாதை நர்சரி நடுவே போகிறது. அந்தப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஒரு புல்லைக்கூட யாரும் நட்டதில்லை. கோடையில் சோலைக்குள் இருக்கும் குட்டை வற்றினால், சாயங்காலம் நாலு மணிக்கு வழிக்குக் குறுக்கே செருகிய மேல்பக்கக் கழியையும் கீழ்ப்பக்கக் கழியையும் ரெங்கம்மாள் உருவிவிடுவாள். மாடுகள் வரிசையாக இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு தொட்டியைக்கூடத் தட்டாமல் ஏறிப்போகும்.

அவளுக்கென்று ஒரு செடி இருந்தது. மஞ்சள் இதழ், ஓரத்தில் குங்குமத்தால் இழுத்த மாதிரி ஒரு கோடு. பிகோனியா. அதன் விதை மூக்குப்பொடியை விட நைசாக இருக்கும், தும்மினால் போச்சு. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவித் தடவி, அந்த விதையைப் போட்டு, பதினோரு வருஷம் பொறுத்து அந்தக் கோட்டைக் கொண்டுவந்தாள். பூத்த அன்றைக்கு, பழைய முதலாளி ஞானவேல் ஐயா தகட்டையும் ஆணியையும் அவள் கையிலேயே கொடுத்து, "நீயே கீறு ரெங்கம்மா" என்றார். அவளுக்கு எழுதத் தெரிந்தது அவள் பேர் மட்டும்தான். அரை நாள் உட்கார்ந்து கீறிவிட்டு, கடைக்கு ஓடிவந்து என்னிடம் காட்டினாள். 'மா'வுக்குக் கால் போட மறந்து வெறும் 'ம'வாக விட்டிருந்தாள், நான் சொல்லவில்லை.

ஐயா போய்ச் சேர்ந்தார். வட்டக்கானலில் கெஸ்ட்ஹவுஸ் நடத்திக்கொண்டிருந்த அவர் அண்ணன் மகன் சேனாதிபதி நர்சரிக்கு வந்தான். கார்த்திகை மாதம், சும்மா கிடக்கும் இடம் என்று மாட்டு வழிக்குக் குறுக்கே இரும்புக் குழாய் நட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்திப் பாலிஹவுஸ் கட்டினான். மேல்பக்கம் கழிக்குப் பதிலாகக் கம்பிவேலி போட்டான்.

"சார், அது மாட்டு வழிங்க. இப்ப மழை, எங்க பாத்தாலும் தண்ணி கெடக்கு, அதனால வராது. சித்திரை முடிஞ்சா கண்டிப்பா வருங்க" என்றாள் ரெங்கம்மாள்.

நாலு டூரிஸ்ட்டு முன்னால் அவன் சொன்னான்: "காட்டுல இருந்து வந்தவ எனக்குக் கிளாஸ் எடுக்கறியா? இங்க பாரு, இனிமே நான் கேட்டா மட்டும் வாயத் தொற."

அவள் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். அதிலிருந்து அந்த வாய் பூட்டிக்கொண்டது. என்னிடம் பேசுவாள், அவனிடம் கேட்டதற்கு மட்டும் பதில். தையும் மாசியும் போயின, மாடு வரவில்லை. "எங்க ஒன் மாடு? பஸ்ஸ விட்டுருச்சா?" என்று அவன் நக்கலடிப்பான். கேள்விதான், ஆனால் பதில் வேண்டிய கேள்வியா அது? அவள் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

கோடை மழை ஏமாற்றியது. வைகாசி பிறந்ததும் குட்டை வற்றியது. மாடுகள் வேலி ஓரம் வந்து நின்றன. அந்தப் பாவி மகளுக்கு அப்போதும் மனசு கேட்கவில்லை. உள்ளே நூற்று நாற்பது தொட்டியில் அவள் பிகோனியா பூத்து நிற்கிறதே! என்னைத் தவிர யாருக்கும் சொல்லாமல், பக்கவாட்டில் இருந்த படலைத் திறந்து, மாடுகளைச் சந்து வழியாக ஓடைக்குத் திருப்பிவிட்டாள். மூன்று நாள் இப்படியே பாலிஹவுஸைக் காப்பாற்றினாள். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

நாலாம் நாள் தோட்டப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள் என்றார்கள். காலையில் ரெங்கம்மாள் உள்ளே போனால் அவள் தகட்டைக் காணோம். பளபளவென்று ஒரு போர்டு. 'சௌம்யா பிகோனியா, உருவாக்கியவர் சேனாதிபதி.' சௌம்யா அவன் மகள். ரெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாததால், வாட்ச்மேன் பொன்னுச்சாமி வாசித்துச் சொன்னார். தகடு குப்பைக் கூடையில் கிடந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மூன்றரை மணிக்குச் சேனாதிபதி வந்தான். "நடுவருங்க வர்ற நேரம், இந்தச் சேலையோட கண்ணுல படாத. எதுத்த கடையில போயி உக்காரு."

வந்து உட்கார்ந்தாள். நான் மேலே பார்த்தேன். வேலி ஓரத்தில் பதினோரு மாடு, முன்னால் கிழட்டுப் பசு.

"அக்கா, படலத் தொறந்தியா?"

"இல்ல."

"வெரசா போயித் தொறக்கா! உள்ள பூராம் உன் புள்ளைங்கல்ல!"

"அவன் மக பேரச் சொல்லிக்கிட்டு நிக்கிறதுக்கு, மாட்டுக் கால்ல போகட்டும்." சொல்லிவிட்டு முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனால் எழுந்திருக்கவில்லை. போகட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

நடுவர்களின் கார் வந்து நின்றது. சேனாதிபதி சால்வையோடு கேட்டுக்கு ஓடிவந்தான். அந்த நேரம் கிழட்டுப் பசு வேலியில் நெஞ்சை வைத்து ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். கம்பி அறுந்தது, குழாய் மடங்கியது, பிளாஸ்டிக் தாள் மாட்டு முதுகில் போர்வையாகக் கிடந்தது. பதினோரு மாடும் பழைய வழியிலேயே ஓடைக்கு இறங்கின. ஓர் ஆளுக்கும் கீறல் இல்லை. சேனாதிபதி மட்டும் சால்வையோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, "பொன்னுச்சாமி! பொன்னுச்சாமி!" என்று கத்தினான். நடுவர்கள் காரைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வராதா?

மாடு போனபிறகு இறங்கி, நேரே என் கடைக்கு ரெங்கம்மாளிடம் வந்தான். "மாடு நிக்கிறத இங்கருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஏன் சொல்லல?"

"கேட்டா மட்டும் வாயத் தொறன்னீங்க சார். நீங்க கேக்கல" என்றாள். பிறகு நசுங்கிக் கிடந்த தொட்டிகளைக் காட்டி, "இந்தக் குப்பைய அள்ளிக்கிடட்டுங்களா?" என்றாள்.

"அள்ளிக்கிட்டு அப்படியே ஓடு. இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்காத!"

ஊரறியச் சொன்னான். அவள் மண்ணைக் கிளறிக் கிளறி எதையோ பொறுக்கி மடியில் கட்டினாள். பிகோனியாவுக்கு மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். நூற்று நாற்பதில் பத்தொன்பது பிழைத்தன. மற்றதற்கெல்லாம் அன்று ராத்திரி செத்த வீடு மாதிரி அழுதாள்.

ஆவணியில் என் கடை வாசலில் அதே மஞ்சள், அதே குங்குமக் கோடு. தொட்டியில் கால் இல்லாத 'ம'வோடு அதே தகடு. டீ குடிக்க வந்தவர்கள் எல்லாம் போட்டோ எடுத்தார்கள். சேனாதிபதி காரில் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்த மாசியில், அடுத்த போட்டி நெருங்க, பொன்னுச்சாமியை விட்டு ஒரு கிழங்கு கேட்டான். "அவரே வரட்டும். தகட்டுல உள்ள பேரச் சத்தமா வாசிக்கட்டும், தாறேன்" என்று சொல்லியனுப்பினாள் ரெங்கம்மாள்.

வந்தான்! பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். குனிந்து, "ரெங்கம்மாள்" என்று முனகினான்.

"கேக்கலங்க சார்."

"ரெங்கம்மாள்!" காது வரைக்கும் சிவந்துவிட்டது அவனுக்கு.

நல்ல பருத்த கிழங்காகப் பார்த்து, பேப்பரில் சுற்றிக் கையில் கொடுத்தாள். அவன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் காரில் ஏறிப்போனான்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னுச்சாமி டீ குடிக்க வந்தார். கிழங்கு அழுகிப்போச்சாம். அந்தக் கிழங்கில் ஒரு பக்கம் குழியாக இருக்கும், முளை அங்கேதான் வரும். அதை அடியில் போட்டு, குப்புறப் புதைத்து, வேளாவேளைக்குத் தண்ணீரும் ஊற்றியிருக்கிறான்.

அவர் போனதும் ரெங்கம்மாளிடம் கேட்டேன். "ஏக்கா, குழி மேல வரணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவள் முந்தானையால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவன் கேட்டானா முத்து?"

"இல்லக்கா."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.