பாட்டிலில் மிஞ்சிய பால்

என் மகள் மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். கையில் வாங்கியபோது கனமே இல்லை. பவுடர் பால் கொடுத்தால் வாந்தி எடுத்தாள். இப்போதைக்குத் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்குப் பால் குறைவு. வேலைக்கும் போயாக வேண்டும். எங்கள் நிலைமை அவ்வளவுதான்.

நான் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டுகிறேன். என் வீட்டுக்காரர் நிட்டிங் கம்பெனியில் இரவு ஷிப்ட். நூல் உள்ளே போய்த் துணியாக வரும் மிஷின்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காலையில் அவர் வருவார், நான் கிளம்புவேன். வாசலிலேயே பிள்ளை கை மாறும். சாயங்காலம் திரும்பவும் கை மாறும். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். கல்யாணத்துக்குப் பிறகு அங்கே யாரும் எங்களோடு பேசுவதில்லை. பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. பகலில் அவர்தான் அவளுக்கு அம்மா. அவள் தூங்கும்போது அவரும் தூங்குவார்.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது நர்ஸ் பால் பீச்சும் கைப் பம்பைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

"பீச்சுன பால மூடி போட்டு பிரிட்ஜ்ல வெய்யிங்க. அடுப்புல காச்சீராதீங்க. சுடுதண்ணிக்குள்ள டப்பாவ நிறுத்தி வெச்சா போதும். புள்ள வாய் வெச்ச பாட்டில்ல மிச்சம் நின்னா கொட்டீருங்க. மறுக்கா குடுக்கக் கூடாது."

வீட்டுக்கு வந்து அவரிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

கம்பெனியில் குழந்தைகள் அறை என்று ஒன்று இருக்கிறது. சுவரில் முயல் படம் வரைந்திருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளில் திறப்பார்கள். மற்ற நாளில் உள்ளே அட்டைப்பெட்டி. சூப்பர்வைசரிடம் சாவி கேட்டேன்.

"ஆபீஸ்ல கேட்டுச் சொல்றனுங்க்கா" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

துணி ரோல் அடுக்கி வைத்திருக்கும் மூலையில், ரோலுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பீச்சுவேன். பக்கத்து மிஷின் அக்கா காவலுக்கு நிற்பார். அவர் திருநெல்வேலிப் பக்கம்.

"ஏட்டி, வெரசா முடி. எவனாவது வந்தான்னா நான் இருமுதேன்."

ஒரு நாள் அவருக்கு நிஜமாகவே இருமல் வந்துவிட்டது. பாதியில் எழுந்து ஓடினேன். டப்பா சாய்ந்து, இருந்தது எல்லாம் வெள்ளைத் துணி ரோலில் ஊறிவிட்டது. அக்கா தலையில் அடித்துக்கொண்டார். நான் பம்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு மிஷினுக்குப் போனேன். அன்றைக்கு மறுபடி பீச்சியபோது டப்பாவின் அடி நனைந்தது. அதற்கு மேல் வரவில்லை.

பீச்சிய பாலை கேன்டீன் பிரிட்ஜில் வைப்பேன். கேன்டீன் அண்ணன் அதைக் காய்கறித் தட்டுக்குக் கீழே தள்ளி வைப்பார்.

"தயிருக்குப் பக்கத்துல வெச்சா எவனாச்சும் டீக்கு எடுத்துப் போட்டுருவான் அம்மிணி. அப்பறம் அவனும் உம்பட புள்ளையாயிருவான்."

நான் எழுந்து போகும்போதெல்லாம் எனக்கு முன்னால் துணி குவியும். எனக்கு அடுத்த மிஷினுக்கு வேலை இருக்காது.

"மறுக்காவுங்களா? லைன் நிக்குதுங்க்கா" என்பார் சூப்பர்வைசர்.

"நிக்கட்டுங்க" என்பேன்.

சில நாள் எழுந்திருக்கவே முடியாது. மார்பு கல்லாகிவிடும். ஜாக்கெட் நனையும். கட்டிங்கில் கழித்த பனியன் துணியை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு தைப்பேன். பிள்ளைக்குப் போக வேண்டியது துணியில் போகிறதே என்று நினைத்துக்கொண்டே தைப்பேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் தன் போனை என்னிடம் நீட்டினார். வீட்டுக்காரர் பேசினார்.

"பாப்பாக்கு வவுத்தால போயிட்டே இருக்குது புள்ள. கண்ணே தொறக்க மாட்டீங்குறா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறேன். நீ வந்துரு."

தைத்துக்கொண்டிருந்த துணி ஊசிக்குக் கீழேயே இருந்தது. அப்படியே விட்டுவிட்டுப் போனேன்.

நான் போனபோது குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடிக்கொண்டிருந்தார்கள். கையில் கிடைக்கவில்லை. காலில் கிடைக்கவில்லை. ஊசி குத்தினால் பிள்ளை அழ வேண்டும். அவள் வாயை மட்டும் திறந்தாள். சத்தம் வரவில்லை. கடைசியில் தலையில் ஏற்றினார்கள்.

டாக்டரம்மா என்னைக் கேட்டார். "என்ன குடுத்தீங்க?"

"எம்பட பால் மட்டுந்தானுங்க."

"பாட்டில் கழுவறது எப்படி?"

"கொதிக்க வெச்சுத்தானுங்க கழுவறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"பாட்டில்ல மிச்சம் நின்னா?"

அவர் என்னைப் பார்த்தார். டாக்டரம்மா மறுபடி கேட்டார்.

"அடுத்த வேளைப் பால்ல ஊத்திச் சேத்திருவனுங்க."

"கொட்டோணும்னு யாரும் சொல்லலியா?"

"நர்சம்மா இவகிட்டச் சொன்னாங்க. இவ எங்கிட்டச் சொன்னா." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரோலுக்குப் பின்னால ஒளிஞ்சு ஒக்காந்து பீச்சிக் கொண்டாறாளுங்க. இத்தனூண்டு வருது. அதய எப்படிங்க கொட்டறது?"

டாக்டரம்மா பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "வாய் வெச்ச பால்ல கிருமி போயிருது. அதோட நல்ல பாலயும் சேத்துக் கெடுத்துட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நிட்டிங்கில் ஒரு கோன் உருளையில் சுற்றிய நூல் தீருவதற்கு முன்பே அதன் கடைசி நுனியை அடுத்த கோன் நூலோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள். நூல் வீணாகாது. மிஷினும் நிற்காது. அவர் கை வருடக்கணக்காக அதைத்தான் செய்கிறது. தூக்கக் கண்ணோடு பாலையும் அப்படித்தான் சேர்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதற்கே என் கண் போதவில்லை.

அவளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. பீச்சிக் கொடுங்கள் என்றார் நர்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பம்பை அமுக்கினேன். ஒன்றும் வரவில்லை. அடுத்த மார்பிலும் வரவில்லை. விரல் மரத்துப்போனது.

"பயந்தா பால் எறங்காது. புள்ளையப் பாத்துட்டே பீச்சுங்க."

பிள்ளையைப் பார்த்ததால்தான் பயம். அதை நர்ஸிடம் சொல்லவில்லை.

வீட்டுக்காரர் கதவோரம் நின்றார். உள்ளே வராமல், "ரெண்டு வார்த்த திட்டீரு புள்ள" என்றார்.

"சும்மா இருங்க. வந்து இந்தப் பம்பப் புடிங்க."

திரையை இழுத்து மறைத்துவிட்டு அவர் அமுக்கினார். நான் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் அவசரப்படவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். நர்ஸ் அதைச் சங்கில் எடுத்து உதட்டோரம் விட்டார். முதலில் வழிந்து வந்துவிட்டது. மறுபடி விட்டார். பிள்ளையின் தொண்டை அசைந்தது. நாங்கள் இருவரும் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் உடம்பு கரைந்துவிட்டது. என் பாலும் முன்னைவிடக் குறைந்துவிட்டது. ஆனாலும் வேலைக்குத் திரும்பினேன். குழந்தைகள் அறைக்குச் சாவி வரவில்லை. அதே ரோல், அதே அக்கா.

திரும்பிப் போன முதல் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் பாட்டில் இருந்தது. அடியில் கொஞ்சம் பால்.

"என்னங்க இது?"

"மத்தியானம் மிஞ்சினது. குடுக்கல. சத்தியமாக் குடுக்கல."

"கொட்டலீங்களா?"

"கை வரல. நீ வரட்டும்னு வெச்சிருந்தேன்."

மூடியைத் திறந்தேன். புளித்த வாடை அடித்தது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரம் தண்ணீர் வெள்ளையாக ஓடியது.

"ஊத்தியாச்சா?" வெளியிலிருந்து கேட்டார்.

"ஆச்சுங்க."

உள்ளே வந்தார். அன்றைக்கு நான் கொண்டுவந்த பாலைச் சின்னச் சின்ன டப்பாக்களாகப் பிரித்து ஊற்றினார். ஒவ்வொன்றிலும் பிள்ளை ஒரு தடவை குடிக்கும் அளவைவிடக் குறைவு. பத்தாவிட்டால் அடுத்த டப்பாவை எடுத்துக்கொள்ளலாமாம். பிரிட்ஜில் அடுக்கி வைத்துவிட்டு, பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

பிள்ளை மார்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பால் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவள் விடாமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தாள்.