வாய் நிறையத் தண்ணீர்

ஊரில் அவளுக்குத் தண்ணி டீச்சர் என்று பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். இதை எழுதுகிறவன் அவளைப் பெற்றவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிமெண்டு மூட்டை சுமந்து, பிறகு அதே சிமெண்டுக்குச் சொந்தமாகக் கடை வைத்தவன். மகளைப் பற்றிப் பெருமையடிக்கிறான் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடிக்கத்தான் போகிறான். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இது பொன்குஞ்சேதான், உரசிப் பார்த்தாயிற்று.

வாத்தியார்களுக்குப் பாடம் நடத்துவது அவள் வேலை. பிள்ளைகள் தாங்களே தெருவில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும், தாங்களே பேசி முடிவெடுத்து அதைச் சரிசெய்யப் பார்க்க வேண்டும். வாத்தியார் கூடவே இருக்கலாம், குறுக்கே விழக்கூடாது. சொல்ல என்னவோ எளிதுதான். காலமெல்லாம் பேசியே பழகிய வாயைச் சும்மா இரு என்றால் இருக்குமா? அதற்கு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். பிள்ளைகள் பேச உட்கார்ந்ததும் வாத்தியார் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.

இதற்காக நிரந்தர வேலையை விட்டு வந்தவள். இந்தக் கதை நடந்த அன்றைக்குக் கல்வி அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்தால் பயிற்சி மற்ற பள்ளிகளுக்கும் போகும். பிடிக்காவிட்டால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"அதிகாரிக்கும் ஒரு டம்ளர் தண்ணி குடுப்பியா?" என்று காலையில் மாப்பிள்ளை சீண்டினார்.

"குடுக்கறதா இருந்தா முதல்ல உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாளே தவிர, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தாள். அவ்வளவு படபடப்பு.

பள்ளிக்கூடத்தின் முன்வாசலுக்கு எதிரே ஒரு கிடங்கு. பள்ளி விடுகிற நேரம் பார்த்துத்தான் லாரி பின்னோக்கி நகர்ந்து கிடங்குக்குள் நுழையும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட பிரச்சினை அது. கிடங்குக்காரரையே கூப்பிட்டிருந்தார்கள். அவருக்கு ஒரு பக்கம் அதிகாரி, மறுபக்கம் தலைமையாசிரியை. அந்த வகுப்பின் கணக்கு வாத்தியார் கடைசி பெஞ்சில்.

முதலில் ஒரு பெண் எழுந்தாள். "மதிப்பிற்குரிய பெரியோர்களே, சாலைப் பாதுகாப்பு நம் அனைவரின் தலையாய கடமையாகும்." அடுத்த பையனும் அதே ராகம். அதிகாரி தலையாட்டி ரசித்தார். இவளுக்கோ அது பிள்ளைகள் பேச்சாகப் படவில்லை. திரும்பிப் பார்த்தாள். கணக்கு வாத்தியாரின் உதடு ஒவ்வொரு வரிக்கும் கூடவே அசைந்தது. அவர் முன்னால் இருந்த டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது.

மெல்லப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன சார் இது?"

"அதிகாரி வர்ற நாள்ல விளையாட முடியுமா மேடம்? மனப்பாடம் பண்ண வெச்சுட்டேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

சும்மா விட்டிருந்தால் காரியம் சுபமாக முடிந்திருக்கும். அதிகாரி பாராட்டிவிட்டுப் போயிருப்பார், வேலையும் நிலைத்திருக்கும். அவள் டம்ளரை அவர் பக்கம் தள்ளினாள்.

"தண்ணியை எடுங்க சார்."

"இப்பவா? பசங்க திணறிடுவாங்க மேடம்!"

"திணறட்டும்."

அவர் வாயை நிரப்பிக்கொண்டதும், கிடங்குக்காரர் தொண்டையைச் செருமினார். "நல்லாத்தான் பேசறீங்க. அப்ப என் லாரி எங்கதான் போகும்? ரோட்டுலயே நின்னா போறவன் வர்றவன் எல்லாம் என்னைத்தானே திட்டுவான்? பதில் சொல்லுங்க பாப்போம்."

இது மனப்பாடத்தில் இல்லை. பிள்ளைகள் எல்லாரும் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தலைமையாசிரியை இருமினார். அதிகாரியின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தன் வேலையே கண்முன் கரைவதுபோல் இருந்தது இவளுக்கு.

கடைசியில் ஒரு பெண் எழுந்தாள். முணுமுணுப்பு என்று மற்ற பிள்ளைகள் கூப்பிடுவார்களாம்.

"லாரி அங்கேயே வரட்டும்."

"என்னம்மா? சத்தமா சொல்லு."

"லாரி அங்கேயே வரட்டும் சார். நாங்க பின்னாடி கேட் வழியா போறோம். அதைத்தான் பூட்டி வெச்சிருக்காங்க."

தலைமையாசிரியை நிமிர்ந்தார். "அதெப்படி? டீச்சருங்க வண்டியெல்லாம் அங்கதானே நிக்குது!"

"வண்டியைத் தள்ளி நிறுத்துனா வழி இருக்கு மிஸ். நாங்க போய் நின்னு பாத்தோம். சார்கிட்டகூடச் சொன்னோம். அதெல்லாம் வேணாம், இதைப் படிங்கன்னாரு."

கணக்கு வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் அதோடு நிறுத்தினாளா? "இன்னிக்குக் கேட்டை அடைச்சுக்கிட்டு ஒரு வெள்ளைக் கார் நிக்குது. முதல்ல அதை எடுக்கணும்."

அது அதிகாரியின் கார்.

'அதை விடும்மா, அது சாரோட வண்டி' என்று ஒரு வார்த்தை சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். அந்த வார்த்தை தண்ணி டீச்சரின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் வேலை பிழைக்கும்; இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சொன்ன உபதேசம் அன்றோடு செத்துப்போகும். வாத்தியாரின் டம்ளரைப் பிடுங்கி, மிச்சத் தண்ணீரைத் தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.

"யார் சொல்லிக் குடுத்தது இதை?" அதிகாரி மெதுவாகத்தான் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் பயம்.

"யாரும் சொல்லிக் குடுக்கல சார்" என்றாள் முணுமுணுப்பு. "அவங்க வாயில தண்ணி இருக்கு."

அதிகாரி திரும்பினார். கடைசி பெஞ்சில் இரண்டு பெரிய மனிதர்கள் கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கணக்கு வாத்தியாரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மடக்கென்று விழுங்கினார். "கேட் சாவி என்கிட்டதான் இருக்கு சார். பூட்டு கொஞ்சம் துருப்பிடிச்சிருக்கும். எண்ணெய் விட்டா திறந்துடும்."

அதிகாரி ஜன்னல் பக்கம் போய் டிரைவரைக் கூப்பிட்டார். "வண்டியை வெளியில எடுப்பா." பிறகு அவளிடம் வந்தார். "முழுங்குங்க மேடம். அடுத்த பள்ளிக்கூடத்துக்கு வரும்போது காரை ரோட்டுலயே விட்டுட்டு வரேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, தண்ணீர் மூக்கு வழியாக அடித்துவிட்டது. அதிகாரி முன்னால் மானம் போயிற்று என்று வீட்டுக்கு வந்து வெட்கப்பட்டாள். பெற்றவனுக்கு என்ன வெட்கம்? கடைக்கு வந்த ஒரு ஆள் விடாமல் சொல்லியாயிற்று.